முதல் சொல்லுக்குத் திறப்பு விழா

குழாய் இருந்தது கழுத்தில். ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிரேக் அக்காவின் காதில்தான் ஏதோ அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிலர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வார்டு வரை கேட்கும்படி, "எப்படி இருக்கீங்க?" என்று கத்தினார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தாங்களும் ஊமையானார்கள். நாத்தனார் அந்த ரகம். வந்து உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், புருவத்தைத் தூக்குவாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாளாம். வீட்டில் அந்த வாய் ஒரு நிமிடம் சும்மா இருந்து அக்கா பார்த்ததில்லை. குழாய் போட்டதில் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

பிரேக் அக்கா என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் பெடலை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்தவள். அவள் "பிரேக்!" என்று ஒரு குரல் கொடுத்தால் கற்றுக்கொள்கிறவன் மட்டுமல்ல, எதிரே வருகிற லாரிக்காரனும் சேர்ந்து மிதிப்பான். அவளுடைய வீட்டுக்காரர் ஸ்கூலின் ஆபீசைப் பார்த்துக்கொண்டார். மேஜை, நாற்காலி, மின்விசிறி, பேச்சு. ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. ஆனால் யார் வந்து விசாரித்தாலும், "நாங்க எப்படிச் சொல்லித் தருவோம்னா..." என்றுதான் ஆரம்பிப்பார்.

அப்படிப்பட்டவளை நிமோனியா படுக்கையில் தள்ளிவிட்டது. ஐசியூ, வென்டிலேட்டர் எல்லாம் ஆயிற்று. வாய் வழியாகப் போட்ட குழாயை ரொம்ப நாள் விட்டுவைக்கக் கூடாது என்று கழுத்தின் கீழ்ப்பள்ளத்தில் துளை போட்டு, வளைந்த சின்னக் குழாய் ஒன்றைச் செருகி, கழுத்தைச் சுற்றிப் பட்டையால் கட்டினார்கள். மெஷின் போய்விட்டது, குழாய் மட்டும் தங்கிவிட்டது. நெஞ்சுக்கு இன்னும் தெம்பு வரவில்லை, சளியைத் தானாக இருமித் தள்ள முடியவில்லை, சில மாதம் குழாய் இருக்கட்டும் என்றார்கள். மூச்சு அந்த வழியாகவே உள்ளே போய் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும். தொண்டைக்கு ஏறாது. தொண்டைக்குக் காற்று ஏறாவிட்டால் குரல் எங்கே இருந்து வரும்?

இனி வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார் பெரிய டாக்டர். மெல்லிய ரப்பர் குழலை உள்ளே விட்டு மெஷினால் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குச் சக்‌ஷன் என்று பெயர். குழாயின் உள்பகுதியைக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். "வீட்ல யாராவது ஒருத்தர் இதைக் கத்துக்கணும். ஒரே ஒருத்தர் போதும். அது இல்லாம அனுப்ப மாட்டோம்."

ஒரே ஒருத்தர். வீட்டில் இருந்ததோ வீட்டுக்காரர், மகன், மாடியில் நாத்தனார். மூன்று பேரும் அன்றைக்கு, அதுக்கென்ன, தாராளமா என்று தலையை ஆட்டினார்கள். மறுநாளிலிருந்து ஆளாளுக்குக் கழன்றுகொண்டார்கள்.

வீட்டுக்காரர் பயிற்சிக்கு வந்தார். சிஸ்டர் குழலை உள்ளே விட்டதும் அக்காவின் உடம்பு தூக்கிப்போட்டது, மெஷின் கரகரவென்று இழுத்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வராந்தாவில் ஒரு சோடாவோடு உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. அவ கஷ்டப்படறதைத்தான் பார்க்க முடியல" என்றார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம். மகன் செல்போனில் செய்முறை வீடியோ எடுத்துக்கொண்டான். எடுத்ததை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தானா என்றால், இல்லை. "எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும்மா. நான் கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்?" என்றான். நாத்தனாருக்குச் சளி என்ற சொல்லே ஒத்துக்கொள்ளாது. அதையும் சைகையில்தான் சொன்னாள். மூக்கைப் பிடித்துக் கண்ணை மேலே செருகிக் காட்டினாள்.

பிறகு மூன்று பேரும் கூடிப் பேசி, ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நல்ல காற்றோட்டமாம், ஜன்னலைத் திறந்தால் மரமாம். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. குழாய் எடுக்கிற வரைக்கும் என்றார்கள். எப்போது எடுப்பார்கள் என்றால், அதெல்லாம் அவசரப்படக் கூடாது என்றார்கள். அக்காவிடம் அதைச் சொன்ன விதம்தான் அழகு. "உனக்கும் அதுதானே பிடிச்சிருக்கு?" என்றார் வீட்டுக்காரர். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆட்டினால் குழாய் உரசி இருமல் வரும். இருமல் வந்தது. "பாரு, ஆமாங்கறா" என்றார் மகனிடம்.

அவளுக்கு எழுதத் தெரியாதா என்று கேட்கலாம். ஒரு பலகை கொடுத்திருந்தார்கள், எழுதித் துடைக்கிற மாதிரி. படுத்த படுக்கையாகக் கிடந்த கை நடுங்கியது. ஆனாலும், 'நான் வீட்டுக்குத்தான் வருவேன்' என்று எழுதித் தூக்கிக் காட்டினாள். எழுத்து கோணலாக இருந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது. மகன் அதை வாய்விட்டே படித்தான். படித்துவிட்டுக் கைக்குட்டையால் துடைத்தான். "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்றான். யாரிடம் பேச்சைப் பற்றிப் பேசுகிறோம் என்ற சுரணை அவனுக்கு இல்லை. பெரிய டாக்டர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். "குழாய் போட்டவங்க எல்லாரும் முதல்ல எழுதறது இதுதான்" என்றார், அதனாலேயே அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது போல.

அன்றைக்குத்தான் அக்காவுக்கு உறைத்தது. எழுதினால் துடைத்துவிடுகிறார்கள். குரல் வேண்டும். ஒரு வாக்கியத்துக்காவது குரல் வேண்டும்.

அதற்கு வழி இருந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி வாரத்தில் சில நாள் வார்டுக்கு வருவாள். சின்ன வயசு, வேகமான நடை. அவள் ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அதற்குள் பாட்டில் மூடி மாதிரி ஒரு பொருள் இருந்தது.

"இது பேச்சு வால்வுக்கா. குழாய் வாயில மாட்டினா மூச்சு உள்ள போகும், திரும்பி இது வழியா வெளிய வராது. வேற வழியில்லாம மேல ஏறி தொண்டைக்கு வரும். அப்ப பேசலாம். ஆனா ஒண்ணு."

குழாயின் உள்முனையைச் சுற்றி ஒரு காற்றுப்பை உண்டு. அது உப்பியிருந்தால் மூச்சுக்குழாயைச் சுற்றிலும் அடைத்துக்கொள்ளும், மேலே காற்று ஏற இடமே இருக்காது. உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்று வெளியே ஒயர் மாதிரி மெல்லிய ஒரு குழலின் முனையில் நகத்தளவு பலூன் ஒன்று தொங்கும். அது உப்பியிருந்தால் உள்ளேயும் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி அதைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டுத்தான் வால்வைத் தொட வேண்டும். "இல்லேன்னா உள்ள போன மூச்சு வெளிய வரவே வராதுக்கா. அவ்வளவுதான், கதை முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு காற்றை இறக்கி, வால்வை மாட்டினாள்.

"ஆ" என்று ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கதவு மாதிரி. அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அக்காவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் கண் நிறைந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு உதட்டைக் கூட்டினாள்.

"யாரைக் கேட்டு மாட்டினே?"

வாசலில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் எப்போதும் போல ஒரு கூட்டம். ஆஸ்பத்திரியில் 'குரல் மீட்பு மையம்' என்று ஒன்று திறக்கப் போகிறார்களாம். புது அறை, புதுப் பெயிண்ட், கண்ணாடி அலமாரி. வெட்டுவதற்கு ரிப்பன் தயார், வெட்டுவதற்கு ஆளும் தயார். மேடையில் பேசிக்காட்ட ஒரு நோயாளிதான் பாக்கி.

"இவங்களோட முதல் வார்த்தையை விழாவுல, எல்லார் முன்னாடியும் வரவைக்கப் போறோம். இப்பவே பேசிட்டா அப்புறம் அது எப்படி முதல் வார்த்தையாகும்?" என்றார். கேட்ட கேள்வியில் நியாயம் இருப்பதாகவே அவர் பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். வால்வு கழன்று டப்பாவுக்குப் போயிற்று. டப்பா பெரிய டாக்டரின் கோட்டுப் பைக்குப் போயிற்று.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்மளை மேடையில உட்கார வைக்கிறாங்களாம்!" என்று ஊரெல்லாம் போன் போட்டார். விழா முடிந்த கையோடு இல்லத்துக்குக் கூட்டிப்போக வேன் சொல்லியாயிற்று. ஒரே அலைச்சலில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்று நாத்தனாருக்கு ஏகத் திருப்தி. என்ன பேச வேண்டும் என்பதையும் பெரிய டாக்டரே வந்து சொல்லிக்கொடுத்தார். "பெரிசா ஒண்ணும் வேணாம்மா. 'நன்றி டாக்டர். இழந்த குரலை எனக்குத் திருப்பிக் கொடுத்தீங்க.' இவ்வளவுதான். மனசுல பதிஞ்சுதா?"

பதிந்தது. அக்காவின் மனசில் வேறு ஒரு வாக்கியம் ஏற்கெனவே பதிந்திருந்தது. குரல் அவருடைய பையில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டி வைத்தாள். மைக் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், கைக்குட்டையால் துடைக்க முடியாது. அந்த ஒரு விழாவை நம்பித்தான் அவள் வாயை, இல்லாத வாயை, மூடிக்கொண்டு கிடந்தாள்.

விழா அன்று காலையில் சிஸ்டர் வந்து, தலை வாரி, புதுப் பட்டை கட்டி, பிறகு ஒரு சிரிஞ்சை எடுத்து அந்தக் குட்டி பலூனுக்குள் காற்றை ஏற்றினாள். உள்ளே ஏதோ விரிந்து தொண்டையை இறுக்கியது. அக்கா பலூனைத் தொட்டுக் காட்டி, ஏன் என்று கையை விரித்தாள்.

"பெரிய டாக்டர்தான் சொன்னாரும்மா. எச்சில் உள்ள எறங்கினா இருமல் வருமாம். வி.ஐ.பி. பக்கத்துல உட்காரும்போது இருமக் கூடாதாம். வால்வு போடறப்ப அவரே பார்த்துப்பாரு."

அவரே பார்த்துக்கொள்ளப் போகிறார். விழாக் கூடத்து மேடையில் உட்கார வைத்ததும், பேச்சுப் பயிற்சிப் பெண்ணை எங்கே காணோம் என்று அக்கா தேடினாள். வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு வெள்ளித்தட்டு, தட்டில் கத்திரிக்கோல். ரிப்பன் வெட்டுகிற கத்திரிக்கோலை ஏந்தி நிற்க லட்சணமான ஆள் வேண்டும் என்று அவளை அங்கே நிறுத்திவிட்டார்கள். படித்த படிப்புக்குத் தகுந்த வேலை.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். எதற்காக அவர் சிறப்பு என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வேறு எங்கோ கண் ஆஸ்பத்திரி விழாவில் பேசியதையே இங்கேயும் பேசினார். ஒளி, பார்வை, இருட்டிலிருந்து விடுதலை என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் கைதட்டியது. அடுத்து பெரிய டாக்டர் மூச்சின் மகத்துவம் பற்றி மூச்சு விடாமல் பேசினார். வரிசை வரிசையாக வால்வுகளும் குழாய்களும் அடுக்கிய கண்காட்சி மேஜையைக் காட்டினார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, மந்திரவாதி மாதிரி எல்லாப் பக்கமும் காட்டினார். வாழ்நாளில் ஒரு நோயாளிக்கும் அவர் தன் கையால் வால்வு மாட்டியதில்லை. அது கீழே இருப்பவர்கள் செய்கிற வேலை. அது வார்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் அது நினைவில் இல்லை.

அக்கா பலூனைத் தொட்டாள். விரலால் தட்டிக்கூடக் காட்டினாள். பெரிய டாக்டர் அந்தக் கையை அன்பாகப் பிடித்து மடியில் வைத்தார். "பதட்டப்படாதீங்க" என்றார், மைக்கில். பிறகு வால்வைக் குழாய் வாயில் வைத்து அழுத்தித் திருகினார்.

ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

வெளியே வரவில்லை.

இன்னொரு மூச்சை இழுத்தாள், உடம்பு கேட்கவில்லை, அதுவாகவே இழுத்தது. அதுவும் உள்ளே போயிற்று. நெஞ்சு, பம்ப்பை எடுக்க மறந்த டயர் மாதிரி விம்மியது. அக்காவின் வலது கால் தானாக உதைத்து மேடைப் பலகையை ஓங்கி மிதித்தது. பிரேக். இன்னொரு தடவை மிதித்தது. கண் பிதுங்கியது.

"பார்த்தீங்களா!" என்றார் பெரிய டாக்டர். "உணர்ச்சிவசப்படறாங்க! வார்த்தை வரப் போகுது!"

கைதட்டல் எழுந்தது. முதல் வரிசையில் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம், "எத்தனை நாள் ஏக்கம் சார்" என்றார். மகன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நாத்தனார் எழுந்து நின்று தட்டினாள். மேடையில் ஒருத்தி மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தாள், அதற்குக் கைதட்டல் தாளம் வேறு.

கை மடியில் கிடந்தது. ஐசியூவில் அந்தக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று. கட்டை அவிழ்த்த பிறகும் சிஸ்டர், டாக்டர், வீட்டுக்காரர், கூட்டித் துடைக்கிறவர் வரைக்கும் அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "அதுல கை வைக்காதீங்க." ஒரு தடவைகூட அவள் அந்தக் குழாயைத் தானே தொட்டதில்லை. இப்போது உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கை ஒரு கணம் தயங்கியது. யாராவது அனுமதி கொடுப்பார்களா என்று பார்த்தது. பிறகு சட்டென்று எழுந்து, கழுத்துக்குப் போய், வால்வைப் பிடித்துத் திருகிப் பிடுங்கி எறிந்தது.

அடைத்துக்கிடந்த மூச்செல்லாம் ஒரே பீய்ச்சலாக வெளியே வந்தது. தனியாக வரவில்லை. சளியையும் கூட்டிக்கொண்டு வந்தது. பெரிய டாக்டரின் கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி எதுவும் தப்பவில்லை. மிச்சம் இருந்தது சிறப்பு விருந்தினரின் மார்பில் போய் விழுந்தது. வால்வு பறந்து பூச்சாடிக்குள் விழுந்தது. கைதட்டல் பாதியில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழித்தது.

வாசலில் வெள்ளித்தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. பேச்சுப் பயிற்சிப் பெண் மேடைக்கு ஓடிவந்தாள். உப்பியிருந்த பலூனைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மேடை ஓரமாக நின்ற சிஸ்டரிடமிருந்து சிரிஞ்சை வாங்கிக் காற்றை உறிஞ்சினாள். பலூன் சுருங்கித் தொங்கியது. அக்காவின் தொண்டை லேசாயிற்று. கொஞ்ச நேரம் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதையே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம், அழுகை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு.

கண்காட்சி மேஜையிலிருந்து பிரிக்காத வால்வு ஒன்றை எடுத்து வந்தாள் அந்தப் பெண். "மாட்டட்டுமாக்கா?" என்று கேட்டாள். அப்படி ஒருத்தர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அக்கா உள்ளங்கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். குழாய் எங்கே இருக்கிறது என்று கை இப்போது தேடவில்லை. போன வழி அதற்குத் தெரிந்திருந்தது. தானே வைத்துத் திருகினாள். மூச்சு உள்ளே போய், தொண்டை வழியாக, இதமாக வெளியே வந்தது.

கண்ணாடியைத் துடைத்து முடித்த பெரிய டாக்டர் மைக்கை நீட்டினார். மனுஷனுக்கு என்ன ஆனாலும் நிகழ்ச்சி நிரல் முக்கியம். "நன்றி..." என்று எடுத்துக்கொடுத்தார்.

"உள்ள இருந்த காத்தை எறக்காம மூடிட்டாரு" என்றாள் அக்கா.

கரகரத்த குரல்தான், ஆனால் மைக் நல்ல மைக். கடைசி வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். பெரிய டாக்டர் மைக்கைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியில் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா களைச்சுப் போயிட்டாங்க" என்றார் அவர், வீட்டுக்காரரைப் பார்த்து. "வேன் நிக்குது இல்ல? மெதுவா கூட்டிட்டுப் போங்க."

"நான் வேன்ல ஏறல. வீட்டுக்குப் போறேன்."

அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் அவள் அத்தனை நாள் காத்திருந்தாள். சொல்லியாயிற்று. எல்லோருக்கும் கேட்டாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பெரிய டாக்டரின் முகத்தில், பலகையைப் பார்த்தபோது வந்த அதே சிரிப்பு வந்தது.

"போகலாம்மா. யாரு வேணாங்கறா? வீட்ல ஒருத்தர் கத்துக்கணும்னு சொன்னேன். யாருமே கத்துக்கலையே. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?" என்றார். குரலில் அத்தனை கனிவு.

அக்கா முதல் வரிசையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். மகன் செல்போனை இறக்கிவிட்டான். நாத்தனார் விதானத்தில் ஏதோ சிலந்தி தேடினாள். இந்த மூன்று முகத்தையும் வைத்துத்தான் இவ்வளவு நாளும் அவள் கணக்குப் போட்டிருந்தாள். இவர் கற்றுக்கொள்ள மாட்டாரா, அவன் மனசு மாறமாட்டானா என்று. மைக்கைப் பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள். அதே கைதான் சற்று முன்னால் வால்வைப் பிடுங்கியது, அதே கைதான் திரும்ப மாட்டியது.

"ஒருத்தர் கத்துக்கணும்னுதானே சொன்னீங்க?" என்றாள் மெதுவாக. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. "நானும்... அந்த வீட்ல... ஒருத்திதானே?"

பெரிய டாக்டர் துடைத்த கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

"கண்ணாடியை வச்சுப் பார்த்துத் தாங்களே செஞ்சுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க சார்" என்றாள் பேச்சுப் பயிற்சிப் பெண்.

"எனக்குத் தெரியாதா?" என்று சீறினார் அவர்.

"தெரியுமா?" என்றாள் அக்கா. "அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதுக்கே எட்டியது. முதல் வரிசையில் யாரோ 'க்ளுக்'கென்று சிரித்தார்கள். சிறப்பு விருந்தினர் அதுவரை மார்பைத் துடைப்பதிலேயே மும்முரமாக இருந்தார். சிரிப்பைக் கேட்டு, ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று எண்ணி, "அருமையான யோசனை!" என்று கைதட்டினார். அவர் தட்டியதும் கூட்டம் தட்டியது. பெரிய டாக்டருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "எங்க மையத்தோட நோக்கமே அதுதான். நோயாளியே தன்னைக் கவனிச்சுக்கணும்!" என்று மைக் இல்லாமலே முழங்கினார். மறுநாள் பத்திரிகையில் அப்படித்தான் வந்தது, அவருடைய படத்தோடு. கோட்டு மட்டும் வேறு.

கீழே கிடந்த கத்திரிக்கோலை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ரிப்பனை வெட்டினார்கள். கூட்டம் சிற்றுண்டியைத் தேடிக் கலைந்தது.

சக்கர நாற்காலியில் வார்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது நாத்தனார் பக்கத்தில் ஓடிவந்தாள். அவளுக்கும் குரல் திரும்பியிருந்தது. "என்ன அண்ணி இது, பிடிவாதம் பிடிச்சா எப்படி? அந்த இல்லத்துல ரூமெல்லாம் சொல்லி வச்சாச்சு. ஜன்னல் பக்கமா வேணும்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? இப்ப அதை என்ன பண்றது?"

"நீ போய் இரு" என்றாள் அக்கா.

நாத்தனார் அதே இடத்தில் நின்றுவிட்டாள். நாற்காலி முன்னால் போயிற்று.

வார்டில் பேச்சுப் பயிற்சிப் பெண் கை கழுவும் இடத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் சாய்த்து வைத்தாள். அக்கா தன் கழுத்தை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தாள். துளை, குழாய், பட்டை, சுற்றிலும் சிவந்த தோல். நினைத்திருந்த அளவுக்கு அது பயங்கரமாக இல்லை. ரப்பர் குழலை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தூரம் விடுவது, எப்போது இழுப்பது என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லச் செய்தாள். முதல் தடவை கண்ணீர் கொட்டியது. இரண்டாம் தடவை கை தானே போயிற்று. புதுசாகக் கிளட்ச் பிடிக்கிறவனுக்கும் முதல் தடவை இப்படித்தான் வண்டி குலுங்கும், அதற்காக அவனை இறக்கிவிடுவதில்லை.

மெஷின் சத்தம் நின்ற பிறகு வீட்டுக்காரர் கதவோரமாக எட்டிப் பார்த்தார். உள்ளே வரலாமா கூடாதா என்று ஒரு காலை மட்டும் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனிடம் பேச்சு இல்லாமல் போய் அக்கா பார்த்ததில்லை. பாவமாகக்கூட இருந்தது. பாவமாக இருக்கிறதே என்பதிலும் எரிச்சலாக இருந்தது. கெட்டவர் இல்லை, பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்துக்கு அவளை அல்லவா ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கப் பார்த்தார்.

கட்டில் பக்கம் வந்து கம்பியைத் தடவினார். கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"என் மேல கோவமா?" என்றார்.

முன்பென்றால் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு போயிருப்பார். இப்போது நின்றார். அக்கா வால்வை எடுத்து, பலூன் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, கழுத்தில் மாட்டினாள். ஆற அமர ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஆமா" என்றாள். "ரொம்பக் கோவம். வீட்டுக்கு வந்து சொல்றேன்."